என் மேசையால் கூடிய மாட்டுக் களவு

போன மாதம் பண்டாரவளையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். நாட்டில் பதிவான குற்றங்கள் இத்தனை பத்தாண்டுகளில் எப்படிப் போயிருக்கின்றன என்று ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். கோடு ஏறுவதும் கொஞ்சம் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. தம்பி சோபாவில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டான். "பாத்தியாக்கா? அந்தக் காலத்துல மனுசன் மனுசனா இருந்தான். களவு உண்டா, அடிதடி உண்டா? இப்ப பாரு, நாடே நாறிப்போச்சு."

"மண்ணாங்கட்டி" என்றேன்.

அவனுக்கு ஆச்சரியம். காலமெல்லாம் பொலிசில் இருந்தவள், நாடு கெட்டுப்போச்சு என்று முதலில் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியவள் நானல்லவா என்று நினைத்திருப்பான். அவன் மட்டும் இல்லை. என்னோடு வேலை செய்த பிள்ளைகள் இன்னமும் போன் எடுப்பார்கள். "அக்கா, எங்க நிலையத்துல இந்த மாசம் முறைப்பாடு கூடிப்போச்சு, மேல இருந்து ஒரே ஏச்சு" என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். தம்பிக்கும் அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

பொலிஸ் கணக்கில் ஒரு களவு ஏற வேண்டுமென்றால், முதலில் களவு போக வேண்டும். பிறகு பறிகொடுத்தவர் நிலையத்தின் படியேறி வந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் அதைக் களவு என்றே எழுத வேண்டும். முதல் காரியம் எங்கள் ஊவா மலைகளில் தாராளமாக நடந்துகொண்டுதான் இருந்தது. மற்ற இரண்டுக்கும்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத்தான் தம்பி நல்ல காலம் என்கிறான்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷினில் நின்றவர். பசறையில் உயர்தரம் வரை படித்தேன். பொலிசுக்குப் பெண்கள் எடுக்கிறார்கள், தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், விழுந்தோம், சட்டப் பிரிவுகளைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்தோம், எல்லாரும் தூங்கிய பிறகு வீட்டை நினைத்து அழுதோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பதுளை மாவட்டத்தில் ஒரு நிலையத்தில் கொண்டுவந்து போட்டார்கள். நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்.

வந்த புதிதில் ஒரு நாள், ஒரு கொழுந்துக்காரப் பெண் கழுத்தில் கீறலோடு வந்தாள். பஸ் நிலையத்தில் வைத்து எவனோ சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அவள் தமிழில் அழ, கூட வந்த தேத்தண்ணிக் கடைக்காரர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல, மேசையில் இருந்த சார்ஜன் சிங்களத்தில் எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கினார். அவள் போன பிறகு எட்டிப் பார்த்தேன். "பயணத்தின்போது சங்கிலி தொலைந்துவிட்டது" என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கழுத்துல கீறல் இருக்கே, தானா தொலைஞ்ச சங்கிலி கீறிட்டா போகும்?" என்றேன். அவர் கோபிக்கவில்லை, பாவம். "நங்கி, களவுன்னு எழுதினா கள்ளனைப் பிடிக்கணும். தொலைஞ்சதுன்னு எழுதினா யாரையும் பிடிக்கத் தேவையில்ல" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. அங்கே எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவரையும் குறை சொல்ல முடியாது. மாதம் ஒரு முறை பெரியவர்கள் கூடி, ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை குற்றம், எத்தனை பிடிபட்டது என்று கேட்பார்கள். குற்றம் கூடி, பிடிபட்டது குறைந்தால் பொறுப்பதிகாரிக்கு மண்டகப்படி. அதனால் குற்றம் கூடாமல் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் நிம்மதி. தோட்டத்து ஜனங்களும் ஒத்துழைத்தார்கள். யுத்த காலம். பாதிப் பேரிடம் அடையாள அட்டை கிடையாது. மாட்டைக் காணோம் என்று சொல்ல வருகிறவனையே யார், எந்த ஊர், வடக்கில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வான்? எதற்கு வம்பு என்று தாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வார்கள். தொழிற்சங்கத் தலைவர் கூப்பிட்டுப் பேசுவார். அதிலும் தீராவிட்டால் கோயில்.

எங்கள் பொறுப்பதிகாரி சிங்களவர், குருநாகல் பக்கம். நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "நங்கி, இங்க வா" என்பார். "மிஸ், தயவுசெய்து உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார் என்றால் தொலைந்தோம். அவர் நாற்காலி கொடுத்த ஒரு கான்ஸ்டபிள் அடுத்த வாரமே மாற்றலாகிப் போனான்.

தமிழில் முறைப்பாடு எழுத ஏற்பாடு செய்யச் சொல்லி மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார். நாற்காலி காட்டவில்லை, அப்பாடா என்று இருந்தது. "அவங்க இங்க வர மாட்டாங்க நங்கி. நீ அங்க போ" என்றார். அவருக்கு அது உத்தரவை நிறைவேற்றிய பெயர். நாலு பேர் வந்து குடும்பச் சண்டை சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தார். பசறை வீதிக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்துத் தொரை, அதாவது மேலாளர், பிள்ளை மடுவத்தின் முன்பக்கத்தைச் சனிக்கிழமை பின்னேரங்களில் தந்தார். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, நான்.

முதல் சனிக்கிழமை கைக்குழந்தைகளோடு நாலு பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். தடுப்பூசி போட வந்திருக்கிறேனாம்! பொலிஸ் என்று சொன்னதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். தமிழ் பேசுகிற பெண்ணைக் காக்கி உடுப்பில் அவர்கள் பார்த்ததே இல்லை. கான்ஸ்டபிள்மாரை ராளாமி என்பது அவர்கள் வழக்கம். என்னை என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் முழித்துவிட்டு, "ராளாமியம்மா" ஆக்கிவிட்டார்கள்.

நான் முறைப்பாடு எழுதுகிற விதம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. வந்தவுடன் பேனாவை எடுக்கமாட்டேன். எடுத்தால் வாயை மூடிவிடுவார்கள். முதலில் பேச விடுவேன். பாட்டன் காலத்துப் பகையில் இருந்து தொடங்குவார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். பேசிக் களைத்த பிறகுதான் பேனா. கடைசியாக எப்போது கண்ணால் பார்த்தீர்கள்? அப்போது யார் கூட இருந்தார்கள்? அன்றைக்கு ஊரில் என்ன விசேஷம்? நாள் தேதி யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் விசேஷம் மறக்காது. எழுதி முடித்ததும் தமிழில் திருப்பி வாசிப்பேன். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். "ஆத்தாடி, நான் சொன்னது அப்படியே இருக்கே!" என்று ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரின் தோளில் அடித்தார். சொன்னது அப்படியே இருப்பது அவருக்கு அவ்வளவு புதுமை.

இனி மாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு ஒரு பெண் வந்தாள். முகம் வீங்கி வடிந்த அடையாளம், கன்னத்திலும் கையிலும் கறுத்த தழும்புகள். பெயர் மாரியாயி. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "ராளாமியம்மா, எங்களுக்கு ஒரு கடுதாசி வேணும்" என்றாள்.

"என்ன கடுதாசி?"

"நாங்க தோட்டத்தை விட்டுப் போறோம். போற எடத்துல ஏன் வந்தீங்கன்னு கேப்பாங்கல்ல? நாங்க கள்ளனுங்க இல்லன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

அப்படி ஒரு கடிதம் பொலிசில் கிடையாது என்றேன். அவள் எழுந்து போகவும் இல்லை, அழவும் இல்லை. அப்படியே இருந்தாள். பிறகு துருவித் துருவிக் கேட்டுத்தான் கதை வெளியே வந்தது.

அவர்கள் லயத்தில் லெட்சுமி என்று ஒருத்தி. புருஷன் இறந்த பிறகு கொழுந்து எடுத்தும், ஒரு செவலைப் பசுவை வைத்துப் பால் விற்றும் குடும்பம் நடத்தியவள். மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் காலை கொட்டிலில் பசு இல்லை. பக்கத்துக் கொட்டில் மாரியாயியின் புருஷன் கருப்பையாவுடையது. திருவிழாவுக்கு முன்னால்தான் புல் அறுக்கிற இடத்துக்காக அவருக்கும் லெட்சுமிக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. போதாதா? கருப்பையாதான் விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. தலைவர் கூட்டம் கூட்டினார். கருப்பையா முனியாண்டி கோயிலில் உள்ளங்கையில் கற்பூரம் வைத்து, "நான் எடுக்கல" என்று சத்தியம் செய்து அணைத்தார். அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு கிழமை, ஏழு நாள், கெடு உண்டு. அதற்குள் சத்தியம் செய்தவன் வீட்டில் கெட்டது ஏதும் நடந்தால் அவன் பொய் சொன்னான் என்று அர்த்தம்.

கெடு முடிய முன்னால், மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக்கூடு கலைந்து மாரியாயிக்குக் கொட்டிவிட்டது.

"சாமி காட்டிக் குடுத்திருச்சுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் விலகி நிற்கிறார்கள். மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுவிட்டது. அவளை இவர்களுடைய சொந்தக்காரர் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். கருப்பையா சரியாகச் சாப்பிடுவதில்லை, கொட்டிலில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். "அந்த மனுசன் ஏதாச்சும் பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்குங்க. அடுத்த சம்பளம் வாங்கினதும் வவுனியா பக்கம் போயிடலாம்னு இருக்கோம்."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தை விட்டுப் போனால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கிற காம்பராவும் போகும், பிறகு திரும்பி வர ஒரு அடி நிலம் கிடையாது. அதுவும் யுத்த காலத்தில் வடக்கே வவுனியாவுக்கு!

அந்தக் கிழமை வேறு ஒரு வழக்கு விஷயமாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரியாயிக்கு மருந்து கொடுத்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். விசாரித்தேன். "ஓம், நினைவிருக்கு" என்றார். "அண்டைக்கு ஆறு பொம்பிளையளைக் கொண்டுவந்தவை. எல்லாருக்கும் ஒரே கூட்டுக் குளவி. ஏன் கேக்கிறியள்?" நான் கதையைச் சொன்னேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்ப ஆறு பேருமோ மாடு களவெடுத்தவை?"

ஆறு பேரில் லெட்சுமியும் ஒருத்தி என்பது அங்கேதான் தெரிந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம். அடுத்த சனிக்கிழமை மேசையைப் போடவே இல்லை, நேரே அவள் காம்பராவுக்குப் போனேன்.

"உனக்கும் கொட்டுச்சே, நீ யார் மாட்டை எடுத்த?"

அவள் அசையவில்லை. "அவ பக்கத்து நிரையில நின்னேன். அதனால எனக்கும் கொட்டுச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். சரி, மாட்டைக் காணோம் என்று ஒரு முறைப்பாடாவது கொடு என்றேன். அதற்கும் மாட்டேன் என்றாள். "சாமிகிட்ட சொல்லியாச்சுங்க. பொறவு பொலிசுல சொன்னா சாமிய நம்பலன்னு ஆயிராதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மலைகளில் களவே இல்லாத மாதிரி இருந்ததற்குக் காரணம் இதுதான். கோயிலுக்குப் போன எந்த முறைப்பாடும் நிலையத்துக்கு வராது, வரக் கூடாது. கத்திப் பிரயோஜனம் இல்லை என்று குரலை இறக்கினேன். "இந்தா பாரு லெட்சுமி. முனியாண்டி கள்ளனுக்குத் தண்டனை குடுக்கும். மாட்டைத் தேடிக்கிட்டு ஊர் ஊரா அலையுமா?"

"அது எப்படிங்க அலையும்?"

"அப்ப தேடறது யார் வேலை? என் வேலை. சாமி வேலையில நான் கைய வைக்கல. என் வேலைய எனக்குக் குடு."

"அது சரிதான்" என்றாள். என்னோடு பிள்ளை மடுவத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அன்று எழுதியது என் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த முறைப்பாடு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. "மாட்டைத் தேடறது ராளாமியம்மா வேலையாம்" என்று பேச்சு பரவிவிட்டது. அடுத்த சனிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தெல்லாம் நடந்து வந்தார்கள். இந்த வருடம் போன மாடு, போன வருடம் போன மாடு, எல்லாம் சொன்னார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் மாடு போயிருந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் அதே தோட்டத்து ஆள் ஒருவர் மேல் பழி விழுந்திருந்தது. ஒரு இடத்தில் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் ஒரு கிழவர் கோயில் பக்கமே போவதில்லை. எல்லாத் தோட்டத்திலும் ஒரு கருப்பையா இருந்தார். ஒரு தோட்டத்தின் கதை மற்றத் தோட்டத்துக்குத் தெரியாது.

மாத முடிவில் பொறுப்பதிகாரி பதுளைக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், தயவுசெய்து உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம் சேர்."

"நான் இந்த நிலையத்துக்கு வந்த நாள்ல இருந்து, மிஸ், என் பகுதியில ஒரு மாடு கூடக் களவு போனதில்ல. இப்ப மாகாணத்திலேயே மாட்டுக் களவு கூடின இடம் நாமதானாம். எல்லாருக்கும் முன்னால கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"மாடு முந்தியும் போச்சு சேர். சொல்ல யாரும் வரல. இப்ப வர்றாங்க."

"அது அவங்களுக்கு விளங்காது, மிஸ். அவங்களுக்குத் தெரியறது எண்ணிக்கை." கண்ணாடி டம்ளரை மெல்லத் துடைத்து வைத்தார். "மாடு வழி தவறிப் போச்சுன்னு எழுதலாமே. மாடு வழி தவறாதா?"

"ஒரு மாடு தவறும் சேர். எல்லாத் தோட்டத்து மாடும் சேர்ந்தா தவறும்?" குரல் கூடிவிட்டது. நாற்காலி கிடைத்தாயிற்று, இனி என்ன என்று கருப்பையா கதையையும் ஆறு பேருக்குக் கொட்டிய குளவிக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அடுத்த கூட்டம் வரைக்கும் டைம் தர்றேன். ஒரு ஆளாவது பிடிபடணும். இல்லைன்னா மேசை வேணாம்" என்றார்.

மேசை போனால் போகட்டும், எனக்கு வேறு கவலை. அதற்குள் கருப்பையா போய்விடுவார். போய்விட்டால் கள்ளன் ஓடிவிட்டான் என்று அந்தப் பழி அவர் பெயரோடு நிலைத்துவிடும்.

வந்தவர்கள் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு ஊரில் என்ன விசேஷம்? ஒருத்தர் காமன் கூத்து என்றார். ஒருத்தர் தீமிதி என்றார். இன்னொருத்தர் முருகன் தேர். எல்லாம் திருவிழா! ஊரே கோயிலில் இருக்கிற நேரம் என்று கள்ளனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மாதத்தில் வருகிற திருவிழாக்கள் எல்லாம் யாருக்கு மனப்பாடம்? எனக்கு மண்டை காய்ந்தது. அப்போது ஒரு அம்மா, தன்பாட்டுக்குப் புலம்புகிற மாதிரி, "விடிய விடியப் பாட்டுப் போட்டு காதைச் செவிடாக்கிட்டானே, மாடு கத்தினா எப்படிங்க கேக்கும்?" என்றாள்.

"யாரும்மா பாட்டுப் போட்டது?"

"டவுன்ல இருந்து லவுட்ஸ்பீக்கர்காரர் வருவாருங்க. லொறியோட."

"எல்லாத் தோட்டத்துக்கும் அவர்தானா?"

"அவரை விட்டா யாரு? நல்ல மனுசன். போன தடவ மாலை போட்டு அனுப்பினோம்."

நல்ல மனிதர்தான். மாலையையும் வாங்கிக்கொண்டு மாட்டையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்!

ஓடிப்போய்ப் பொறுப்பதிகாரியிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "அடுத்த திருவிழா எங்க நங்கி?" என்றார். மிஸ் போய் நங்கி திரும்பி வந்ததில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்த திருவிழா ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில். முடிகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு மத்தியான பஸ்ஸில் மாரியாயி குடும்பம் கிளம்புகிறது. போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "ஒரு நாள் பொறுங்க." கருப்பையா தலை நிமிரவே இல்லை. "பொறுத்துட்டோங்க" என்றார், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை நன்றாக விடிந்து, வெயில் ஏறுகிற நேரம். கீழே பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப்பைப் போட்டுக்கொண்டு நின்றோம். லொறி வந்தது. முன்னால் லவுட்ஸ்பீக்கர்காரர், கழுத்தில் மாலை வாடாமல் இருந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பொறுப்பதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெட்டிங்கதான் சேர். ஜெனரேட்டர், ஸ்பீக்கர் பெட்டி. பண்டாரவளையில ஒரு கல்யாணம், நேரமாச்சு" என்றார் அவர், சிரித்த முகமாக.

பொறுப்பதிகாரி தயங்கினார். தெரிந்த முகம், ஊரில் மதிப்பான ஆள். அப்போது எங்கள் சார்ஜன், அதுதான் சங்கிலி தொலைந்தது என்று எழுதினவர், லொறியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பலகை இடுக்கால் கீழே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தார். "சேர்" என்றார் நிதானமாக, "ஸ்பீக்கர் பெட்டி மூத்திரம் போகுமா?"

தார்ப்பாயைத் தூக்கினால், பெட்டிகளுக்கு நடுவில் வாயைக் கட்டி, காலை மடக்கிப் படுக்கப் போட்ட ஒரு கறவைப் பசு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொறுப்பதிகாரி அந்த மனிதரைப் பார்த்து மிகுந்த மரியாதையாக, "ஐயா, தயவுசெய்து இறங்குங்க" என்றார்.

நிலையத்தில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவரும், டவுனில் இருந்து அவர் கூட்டிவருகிற இரண்டு பேரும். லெட்சுமியின் செவலைப் பசு அப்போதே இறைச்சிக்குப் போய்விட்டது. தோட்டத்து ஆள் யாராவது கூட்டு உண்டா என்று மூன்று தரம் கேட்டோம். இல்லவே இல்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுப்பதிகாரி கவனித்துவிட்டார்.

"என்ன நங்கி?"

"அந்தக் குடும்பம் இப்ப பஸ்ஸுக்குப் போகும் சேர்."

"ஜீப்பை எடு" என்றார்.

லயத்துக்குப் போனால் காம்பரா பூட்டியிருந்தது. குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டார்கள் என்றார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் தலைவர் ஜீப்பில் ஏறினார். யாரும் கூப்பிடாமல் லெட்சுமியும் ஏறினாள்.

பஸ் நிற்கிற இடத்தில் இருவரும் இருந்தார்கள். இரண்டு மூட்டை, ஒரு தண்ணீர்க் குடம். கண்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குதித்து இறங்கி மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். பிடித்துவிட்டோம், ஒப்புக்கொண்டுவிட்டான், உங்கள் மேல் ஒரு பழியும் இல்லை.

கருப்பையா, "சரிங்க" என்றார். எழுந்திருக்கவில்லை.

"சரின்னா? வீட்டுக்கு வாங்கண்ணே."

"பொலிசு சொன்னா கோர்ட்டுக்குச் சரிங்க. பீலியில தண்ணி புடிக்கையில யாரு சொல்லுவா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "கருப்பையாண்ணே, நடந்தது நடந்து போச்சு. மனசுல வச்சுக்காம..."

"எப்படி நடந்து போச்சு?" மாரியாயி எழுந்துவிட்டாள். அந்தப் பெண் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. "மாடு போனதுக்கு எழுதினாங்க. எங்களுக்கு நடந்ததுக்கு யாரு எழுதினா? மாட்டை விடக் கேவலமாப் போயிட்டோமா நாங்க? ராளாமியம்மா, எழுதுங்க! எழுதி, இவங்க முன்னால வாசிங்க!"

நான் பொறுப்பதிகாரியைப் பார்த்தேன். அவள் கேட்டதைச் சிங்களத்தில் சொன்னேன். இதற்கு எந்தப் பிரிவு, எந்தத் தலைப்பில் போடுவது என்று எனக்கே தெரியாது. பெரிய குற்றக் கணக்கில் இதற்கு இடமில்லை. அவர் ஜீப் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எழுது நங்கி. இந்த மாசம் இன்னொண்ணு கூடட்டும்" என்றார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினேன். இந்த முறை பேச விட்டுக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. கள்ளன் பொண்டாட்டி என்று கூப்பிட்டது. மகளின் சம்பந்தம் நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று யாரும் ஒரு வாய் கஞ்சி கொடுக்காதது. கோயில் திருநீற்றை எட்டி நின்று போட்டது. எல்லாம் எழுதி முடித்து உரக்க வாசித்தேன். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

வாசித்து முடித்ததும் லெட்சுமி முன்னால் வந்தாள்.

"ஒண்ணு விட்டுட்டாங்க" என்றாள்.

"என்ன?"

"பீலியில அவ குடத்தைத் தள்ளிவிட்டது. அது நான்தான். அதையும் எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க."

எழுதினேன். அந்த நேரம் பார்த்துப் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "ஏறுறீங்களா இல்லையா, வெரசா சொல்லுங்க!" என்று கத்தினான்.

லெட்சுமி குனிந்து அந்தக் குடத்தை எடுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், லயத்துக்கு ஏறுகிற பாதையில் நடக்கத் தொடங்கினாள். மாரியாயி அவள் போவதைப் பார்த்தாள். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினாள்.

"நாங்க வரலைங்க" என்றாள். "நீங்க போங்க."